பீப்பா அடுப்பும் மாமாவின் முதுகும்

வீட்டைச் சூடாக்குவதற்கென்று நெடுந்தீவில் அடுப்பு வைத்தவர் என் மாமனார் ஒருவராகத்தான் இருப்பார். மார்கழியிலும் ஒரு போர்வைக்கு மேல் தேவைப்படாத ஊர் அது. அங்கே ஓர் அறைக்குள் பழைய தகரப் பீப்பா. அதன் பக்கத்தில் வெட்டிய சிறிய வாய். மேலே, கூரையின் மழைநீர்ப் பீலியிலிருந்து கழற்றி மாட்டிய குழாய். அந்தக் குழாய் வெளியே போவதற்காகக் கற்சுவரில் உடைத்த கோணல் ஓட்டை. நான் இப்போது வாழும் குளிர்நாட்டில் விறகடுப்பு விற்பதற்கே தனிக்கடைகள் உண்டு. கண்ணாடிக் கதவும் கறுப்புப் பளபளப்புமாக வரிசையாக நிற்கும். அங்கே போனால் எல்லாவற்றுக்கும் ஒரு குறை சொல்லாமல் என்னால் திரும்ப முடிவதில்லை. கூட வருபவர்களுக்கு அது பெரிய அலுப்பு.

மாமா இளவயதிலேயே மலைநாட்டுப் பட்டணமொன்றில் கடை போட்டவர். எண்பத்து மூன்று கலவரத்தில் அந்தக் கடையை எரித்துவிட்டார்கள். உடுத்த துணியோடு ஊர் வந்து சேர்ந்தவர், மூலையில் இருந்து கண்ணீர் விடவில்லை. ஊரிலேயே கடை போடுவதென்று தீர்மானித்து, சாமான் அடுக்கும் தட்டுகள் அடிக்க முதிரை மரப் பலகைகளை வாங்கி விறாந்தையில் அடுக்கினார். அந்தப் பலகைகளில் யாரும் ஈரத்துணி போட்டாலும் சத்தம் போடுவார். மற்ற நேரமெல்லாம் மலைநாட்டுக் குளிரைப் பற்றி அளப்பார். அங்கே துரைமார் வீடுகளில் அடுப்பு மூட்டி அறையைச் சூடாக்கும் கதையைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குப் புளித்துப்போயிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில், எட்டாம் மாதத்திலேயே எனக்கு வலி கண்டது. கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாட்கள். யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்த என் கணவர் அக்கரையில் அகப்பட்டுக்கொண்டார். தீவின் மருத்துவமாது மழையில் நனைந்தபடி வந்து பிரசவம் பார்த்தார். பெண் குழந்தை. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அழுகைகூடப் பூனைக்குட்டியின் முனகல்தான். “பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பிள்ளை இது. படகு ஓடுமட்டும் சூடு குறையாமல் வைச்சிருங்கோ. அடிக்கடி காலைத் தொட்டுப் பாருங்கோ. கால் குளிர விட்டால் பிள்ளை தங்காது” என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். பார்க்க வந்த பெண்கள் எட்டாம் மாதப் பிள்ளை நிற்காது என்று எனக்குக் கேட்கத்தக்கதாகவே பேசிக்கொண்டார்கள். எனக்கு வந்தது அழுகையல்ல, ஆத்திரம். இவர்களின் வாயை அடைக்கவாவது இவளைப் பிழைக்க வைப்பேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

மாமி தனக்குத் தெரிந்ததைச் செய்தார். சட்டி நிறையத் தணல் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்து, கதவையும் யன்னலையும் இறுக்கச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு மாமா உள்ளே வந்தார். பிள்ளைப்பேற்று அறைக்குள் மாமனார் கால் வைப்பது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத காரியம். மாமி திகைத்து நிற்க, அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். “பூட்டின அறைக்கை தணல் வைச்சுப் படுத்த ஒரு குடும்பம் எங்கடை கடைக்குப் பக்கத்திலை எழும்பவே இல்லை. சூடும் வேணும், காத்தும் வேணும்” என்று முற்றத்திலிருந்து சத்தம் கேட்டது. பிறகு அலவாங்கால் கற்சுவரை இடித்து உடைக்கும் சத்தம். அன்று பொழுதுபடுமுன் பீப்பா அறைக்குள் வந்துவிட்டது. புகை முழுவதும் குழாய் வழியே வெளியே போனது. யன்னலின் மேல்கதவை ஒரு விரலளவு திறந்து வைத்தார். அதை மூட ஒருவரையும் விடவில்லை. பீப்பாவின் மேல் எப்போதும் ஒரு பானை தண்ணீர் இருந்தது. அறைக் காற்று வறண்டு பிள்ளையின் மூக்கு அடைக்கக் கூடாதாம்.

குழந்தையை என் நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடப்பேன். எனக்கு ஏலாதபோது பழைய வேட்டித் துணி பரப்பிய பனையோலைக் கடகத்தில், அடுப்புக்குச் சற்றுத் தள்ளி வைப்பார்கள். மாமா அடுப்பின் முன் ஒரு பலகையில் குந்தியிருந்தார். வரும்போது தலையைக் குனிந்து வருவார், எங்களுக்கு முதுகைக் காட்டி அமர்வார், போகும்போதும் அப்படியே போவார். நான் பார்த்ததெல்லாம் அந்த முதுகைத்தான். “கால் எப்பிடி, பிள்ளை?” என்று சுவரைப் பார்த்தபடியே என்னிடம் கேட்பார். குளிர்கிறது என்றால் ஒரு கட்டை உள்ளே போகும். வியர்க்கிறது என்றால் பீப்பாவின் வாயைத் தகரத்தால் பாதி மூடுவார்.

பனைமட்டை குப்பென்று எரிந்து அடங்கிவிடும். ஊமல், அதாவது காய்ந்த பனங்கொட்டை, நின்று எரியும். ஆனால் மழை விடவில்லை. இருந்த ஊமல் முடிந்தது, வெளியே கிடந்த விறகெல்லாம் ஊறிப்போயிற்று. ஒரு காலை விறாந்தையில் கோடரிச் சத்தம் கேட்டது. மாமி ஓடிப்போனார். “இஞ்சாருங்கோ, இது கடை போடுற பலகையெல்லோ?”

“கடை பிறகும் போடலாம்.”

அவ்வளவுதான் பேச்சு. முதிரை நல்ல காய்ந்த மரம். சீராக, கனமான சூட்டோடு எரிந்தது. தட்டுகளுக்கென்று வைத்திருந்த பலகைகள் ஒவ்வொன்றாகப் பீப்பாவுக்குள் போவதை நான் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த மனிதரை அதுவரை வெறும் வாய்வீச்சுக்காரர் என்று நினைத்திருந்தேன். என்னைப் பெற்ற தகப்பனிடம்கூட எனக்கு அவ்வளவு அன்பு வந்ததில்லை.

ஒருநாள் கடல் அடங்கிப் படகு ஓடத் தொடங்கியது. எந்தப் படகுக்காகக் காத்துக் கிடந்தோமோ, அது வந்துவிட்டது. மருத்துவமாது வந்து குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பால் குடிப்பதைப் பார்த்தார், காலைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். “பிள்ளை தேறிட்டுது. இனி இந்தக் கடற்காத்துக்கை கொண்டுபோறதுதான் பயம். இஞ்சையே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மாமி சாமி அறைக்கு ஓடினார். மாமா மட்டும் அசையவில்லை. வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“மாமா, நீங்கள் இன்னும் பிள்ளையின்ரை முகம் பாக்கேல்லை. இன்னும் என்ன கூச்சம்?” என்றேன்.

கிளறுவதை நிறுத்தினார்.

“கூச்சமில்லை, பிள்ளை. கடை எரிஞ்சு முடியுமட்டும் நிண்டு பாத்தனான். இவளையும் பாத்துப்போட்டுப் பறிகுடுக்க என்னாலை ஏலாது எண்டுதான்.” பிறகு சுவரைப் பார்த்தே கேட்டார்: “இனிப் பாக்கலாமோ?”

“ஓம் மாமா. திரும்புங்கோ.”

மாமா திரும்பினார்.