எதிர்க் கதவுக்காரி

கார் தொழிற்சாலையில் அவளுக்கு ரப்பரக்கா என்று பேர். காரின் கதவைச் சாத்தினால் மழையும் தூசியும் உள்ளே புகாமல் இருக்க ஒரு கறுப்பு ரப்பர் பட்டை சுற்றி ஓடுமே, அதைப் பொருத்துவது அவள் வேலை. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் இருந்தது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட வீட்டில் ஆள் இல்லை.

அவளுக்குக் கல்யாணம் ஆகித்தான் இருந்தது. ஆன கொஞ்ச காலத்திலேயே புருஷன் வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று கிளம்பினான். வீடு பார்த்தானோ இல்லையோ, கூப்பிடவில்லை. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தாலாவது அக்கம்பக்கத்தில் சொல்ல ஒரு காரணம் இருந்திருக்கும். அதுவும் இல்லை. தூரத்தில் இருந்த தம்பி மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்வான். “சாப்டியா? உடம்பு எப்படி இருக்கு?” இரண்டு கேள்வி, இரண்டு பதில், அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஓடாது. மூன்றாவது மாடியில் அவளுடைய ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் எட்டிப் பார்க்கும். சமைக்கும்போது ரேடியோவைப் போட்டுவிடுவாள். பாட்டுக்காக இல்லை, ஒரு மனிதக் குரல் இருக்கட்டுமே என்றுதான்.

இயல்பிலேயே அவள் பேசாதவள். பேசினால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவளுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினார்கள் வாயாடியை.

லைனில் கார் கதவே இல்லாத வெறும் கூடாக ஊர்ந்து வரும். இடப்பக்கத்து வாசல்கள் ரப்பரக்காவுக்கு, வலப்பக்கத்து வாசல்கள் வாயாடிக்கு. பட்டையை விளிம்பில் ஏற்றி, மூலையில் கட்டைவிரலால் அமுக்கி, சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிக்கொண்டு வரவேண்டும். நடுவில் கூடு காலியாக இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். அந்த இடைவெளியில்தான் வாயாடி தன் வீட்டையே தூக்கி வந்து இறக்கினாள்.

“அக்கா, எங்க மாமியார் இருக்காங்களே, நேத்து என்ன பண்ணாங்க தெரியுமா?” என்று ஒரு காரில் ஆரம்பிப்பாள். அடுத்த காரில் விஷயம் சூடு பிடிக்கும். அதற்கடுத்ததில் புருஷன் உள்ளே நுழைவான். கதை முடிவதற்குள் ஏழெட்டுக் கார்கள் ரப்பர் மாட்டிக்கொண்டு போய்விடும். ரப்பரக்கா “ம்” கொட்டுவாள். எப்போதாவது, “அவங்க சொன்னதுலயும் ஞாயம் இருக்கில்ல?” என்பாள். “நீங்க யாரு கட்சி அக்கா?” என்று வாயாடி சுத்தியலை நீட்டி மிரட்டுவாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதற்கு அந்த வீட்டில் நாளுக்கொரு சாட்சி கிடைத்தது. பெரிய பையனுக்குக் கணக்கு வராது, சின்னவளுக்கு இருட்டு என்றால் பயம், புருஷன் எதைக் கேட்டாலும் “பாக்கலாம்” என்பான், குளியலறைக் குழாய் ஒழுகும். அந்த வீட்டு வாசலை மிதிக்காமலேயே ரப்பரக்காவுக்கு எல்லாம் தெரியும்.

அந்த லைனில் இரண்டு வகைக் கார்கள் வந்தன. ஒன்று சின்னக் கார். இன்னொன்று எஸ்.யூ.வி. மாதிரி உயரமாக, அதே சமயம் கைக்கு அடக்கமாகச் செய்தது. தொழிலாளிகள் அவற்றைச் ‘சின்னது’, ‘உசரம்’ என்றார்கள். லைன் ஓடும் வேகம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் உசரத்துக்கு வாசல் பெரிது, பட்டை நீளம், எட்டித் தட்டவேண்டிய இடமும் அதிகம். முடிப்பதற்குள் கார் கையை விட்டு நழுவப் பார்க்கும். சின்னது என்றால் முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்கலாம். அதனால்தான் ஒரு உசரம் போனால் பின்னாலேயே இரண்டு சின்னதை அனுப்புவார்கள். வாயாடியின் கதைகள் எல்லாம் சின்னதில்தான் நடந்தன. உசரம் வந்தால் “தொடரும்” என்று கையைக் காட்டிவிட்டு வேலையில் குனிந்துவிடுவாள்.

பிறகு வரிசை மாறத் தொடங்கியது. ஒரு சின்னது, ஒரு உசரம் என்று ஆனது. அப்புறம் இரண்டு உசரத்துக்கு ஒரு சின்னது. பின்பக்க மைதானத்தில் விற்காத சின்னக் கார்கள் தூசி படிந்து நின்றன. உசரங்களோ லைனை விட்டு இறங்கிய கையோடு லாரி ஏறின.

எந்தக் காரை எத்தனை செய்வது என்று கணக்குப் போடும் பிளானிங் அதிகாரி சில நாள் டீ கோப்பையோடு லைன் பக்கம் வருவார். ஒல்லியான மனிதர், யாரைப் பார்த்தாலும் மன்னிப்புக் கேட்பதுபோல் சிரிப்பார். ஒரு நாள் ரப்பரக்காவே அவரிடம் வாயைத் திறந்தாள்.

“சின்னது ஏன் சார் கொறஞ்சு போச்சு?”

“வாங்குறவங்க உசரமா உக்காந்து போகணும்னு ஆசப்படுறாங்கம்மா. கம்பெனிக்கும் சின்னத வித்தா கையில நிக்கிறது கொஞ்சம்தான். உசரத்துல நல்லா நிக்குது.”

“அப்ப சின்னத நிறுத்திருவீங்களா?”

“நிறுத்த முடியாதே. மொதல்மொதலா கார் வாங்குறவன் சின்னதுலதான் காலு வைப்பான். அந்தப் படிய எடுத்துட்டா நாளைக்கு உசரத்துக்கு எவன் வருவான்? பெட்ரோல் வெல ஏறுனா எல்லாரும் திரும்பச் சின்னதையே கேப்பாங்க. கூடப் போட்டா மைதானத்துல தூங்குது. கொறச்சுப் போட்டா ஷோரூம்காரங்க போன்ல கத்துறாங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கிற மாதிரிதான் நம்ம பொழப்பு.”

அவர் சொன்னது அவளுக்குப் புரிந்தது. அவள் சொல்ல நினைத்ததைத்தான் சொல்ல முடியவில்லை. எங்களுக்குப் பேச நேரம் போதவில்லை சார் என்று ஒரு அதிகாரியிடம் எப்படிச் சொல்வது?

உசரம் தொடர்ந்து வர வர, கதைகள் துண்டு துண்டாயின. பிறகு ஒரு சொல்லாக, அப்புறம் வெறும் தலையாட்டலாகச் சுருங்கின. வாயாடி குள்ளம் வேறு. உசரத்துக்கு எட்ட அவள் ஒரு பலகைமேல் ஏறி நிற்கவேண்டியிருந்தது, அப்போது கூரை அவள் முகத்தை மறைத்துவிட்டது. ரப்பரக்காவுக்கு எதிரே இரண்டு கைகளும் ஒரு சுத்தியலும்தான் தெரிந்தன.

அந்த வருஷக் கடைசியில் சாலைக்கு அந்தப்பக்கம் உசரத்துக்கென்றே தனி லைன் போட்டார்கள். கை வேகமானவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். வாயாடிக்குக் கிடைத்தது, சம்பளமும் கொஞ்சம் கூட. ரப்பரக்காவை யாரும் கேட்கவில்லை. கிளம்பும் நாளில் வாயாடி ஒரு கதையின் நடுவில் இருந்தாள். மாமியார் பீரோச் சாவியை எங்கோ ஒளித்து வைத்துவிட்டு, காணோம் என்று வீட்டையே தலைகீழாக்கிய கதை.

“மிச்சத்தக் கேன்டீன்ல சொல்றேன் அக்கா” என்று கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

புது லைனுக்குச் சாப்பாட்டு நேரம் வேறு, பஸ்ஸும் வேறு என்பது மறுநாள்தான் தெரிந்தது.

பழைய லைனில் இப்போது சின்னது மட்டும் வந்தது. அதுவும் மெதுவாக. இந்த வேகத்துக்கு இரண்டு பேர் எதற்கு என்று இரண்டு பக்கத்தையும் ரப்பரக்காவிடமே கொடுத்தார்கள். இடப்பக்கம் முடித்துவிட்டு, காரைச் சுற்றிப் போய் வலப்பக்கம் தட்டுவாள். முடித்தபிறகும் நேரம் மிச்சமிருக்கும். இத்தனை காலம் கிடைக்காதா என்று ஏங்கிய நேரம் இப்போது கொட்டிக் கிடந்தது. கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. கூட்டின் வழியே நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒரு தூணும், அதில் மாட்டிய தீயணைப்பு உருளையும். ஒரு நாள் அந்தத் தூணைப் பார்த்து, தன்னை அறியாமல் “ம்” என்றாள். யாரும் கேட்டுவிட்டார்களோ என்று சுற்றும்முற்றும் பார்த்தாள். கேட்கும் தூரத்தில் ஒருவரும் இல்லை. அது இன்னும் வலித்தது.

வீட்டிலும் அந்தச் சாவி விஷயம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. எங்கே இருந்திருக்கும்? அரிசி டப்பாவிலா? மெத்தைக்கு அடியிலா? ரேடியோவில் செய்தி ஓடும்போதுகூட அதையே யோசித்தாள். கடைசியில் ஒரு விடுமுறை நாளில் கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு, விசாரித்து விசாரித்து அந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

கதவைத் திறந்த சின்னப் பெண், ரப்பரக்கா என்று சொன்னதும், “ரப்பர் பெரியம்மா வந்திருக்காங்க” என்று உள்ளே ஓடினாள். முன்பின் பார்க்காத குழந்தை தன்னைப் பெரியம்மா என்றதும் ரப்பரக்காவுக்குச் செருப்பைக் கழற்றக் கை ஓடவில்லை.

வாயாடி வந்தாள். முகம் வற்றியிருந்தது. வலது தோளை மறுகையால் பிடித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். ரப்பரக்காவும் எதிரே உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் எந்தக் காரும் இல்லை.

“நல்லா இருக்கீங்களா அக்கா?”

“இருக்கேன். தோள்ல என்ன?”

“உசரம் உசரமா நாள் முழுக்க எட்டித் தட்டினா வேற என்ன ஆகும்.”

“டாக்டர்கிட்ட காட்டினியா?”

“பாக்கலாம்” என்றாள் வாயாடி. புருஷனின் சொல் அவள் வாய்க்கும் வந்துவிட்டிருந்தது. சாவியைப் பற்றிக் கேட்க ரப்பரக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. பழத்தைப் பற்றி இரண்டு வார்த்தை, பையனின் கணக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. மூன்றாவது விஷயத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாயாடியின் தலை சாய்ந்தது. உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

எழுந்து போய்விடலாமா என்று ரப்பரக்கா தவித்தபோது, டீயோடு ஒரு மெலிந்த அம்மாள் வந்தாள். கதைகளில் வரும் மாமியார் இவள்தான். ரப்பரக்கா மனதில் வைத்திருந்த ஆகிருதிக்கு இந்த அம்மாள் பாதிகூடத் தேறமாட்டாள்.

“தப்பா நெனச்சுக்காதம்மா. லீவு நாள்ல இப்படித்தான், உக்காந்த எடத்துலயே தூங்கிருது” என்று மருமகளின் தலைக்குக் கீழே ஒரு தலையணையைச் செருகினாள். பிறகு தாழ்ந்த குரலில், “உன் தம்பி போன் பண்ணானா இந்த மாசம்?” என்று கேட்டாள்.

ரப்பரக்கா திகைத்தாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இவதான் சொல்லுவா. நீ சாப்பாட்டு நேரத்துல போன எடுத்து எடுத்துப் பாத்தா அது மாசக் கடைசி, தம்பி கூப்புடுற நாளாம். ரேடியோ போட்டுக்கிட்டுத்தான் சமைப்பேன்னு எப்பவோ ஒரு தடவ நீயே சொன்னியாம். வீட்ல இவ பேசுறதே அபூர்வம். பேசினா உன்னப் பத்திதான் பேசுவா.”

“அபூர்வமா? லைன்ல இவளுக்கு வாயாடின்னு பேரும்மா.”

“இவளா? வாயாடியா?” அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இந்த வீட்ல எட்டு வார்த்த பேசுனா அன்னிக்கு மழைதான். நான் எதாவது கேட்டாக்கூட, நான் அங்கயே பேசி முடிச்சுட்டேன் அத்தைன்னுருவா. எங்க பேசினாளோன்னு நெனச்சுக்குவேன்.”

தூங்குகிறவளை இருவரும் பார்த்தார்கள். ரப்பரக்கா கூச்சத்தை விட்டு அந்தச் சாவியைப் பற்றிக் கேட்டுவிட்டாள்.

“அதையும் சொல்லிட்டாளா? நான் எங்கேம்மா ஒளிச்சேன்? என் இடுப்புல சொருகிட்டு வீடு பூரா தேடினேன். வயசாச்சுல்ல” என்றாள் மாமியார்.

அதற்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியது. மைதானத்தில் தூங்கிய சின்னக் கார்களைத் துடைத்து லாரியில் ஏற்றினார்கள். பழைய லைனின் வேகத்தைக் கூட்டினார்கள். சூப்பர்வைசர் ரப்பரக்காவிடம், “உங்களுக்கு எதிர்ப்பக்கத்துக்கு ஆள் போடணும். பழைய ஆளையே கேட்டுப் பாக்கட்டுமா?” என்றார்.

“கேளுங்க சார்.” சட்டென்று வந்துவிட்ட பதில் அவளுக்கே புதிதாக இருந்தது.

வாயாடி வரவில்லை. அடுத்த விடுமுறையில் ரப்பரக்கா போனபோது அவள் தூங்காமல் காத்திருந்தாள்.

“அக்கா, என்னைக் கேட்டாங்க. நான்தான் வரலன்னுட்டேன். அங்க வர்ற சம்பளத்த நம்பிப் பெரியவன டியூஷன்ல சேத்துட்டோம். தோளுக்கும் ஊசி போட்டிருக்கு, சமாளிச்சுருவேன். கோவமா?”

“இதுல என்ன கோவம். பிள்ளைங்க படிக்கணும்ல.”

“நெஜமா?”

“நெஜமாத்தான்.”

கோபம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தும் அவள் உட்காராமல் நின்றுகொண்டே வந்தாள். உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

எதிர்ப்பக்கத்துக்கு வேறு ஒருவர் வந்தார். பெயிண்ட் பிரிவிலிருந்து மாற்றலானவர், ஓய்வு பெற இன்னும் சில வருஷம்தான். நல்ல மனிதர். வேலையில் குறை சொல்ல முடியாது. தனக்குள்ளேயே ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டு தட்டுவார். காலையில் “வணக்கம்மா”, சாயங்காலம் “வரேம்மா”. ரப்பரக்கா ஒரு முறை அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். “எனக்கு ஒரு தம்பி இருக்கான் சார்” என்று தொடங்கினாள். அவர் முணுமுணுப்பை நிறுத்திவிட்டு மரியாதையாகக் காத்திருந்தார். தம்பியைப் பற்றி மேலே என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் கார் நகர்ந்துவிட்டது.

விடுமுறை நாட்களில் மட்டும் அந்த வீட்டுக்குப் போய்வருவதை அவள் விடவில்லை. வாயாடி பெரும்பாலும் தூங்குவாள். குழந்தைகள் வெளியே விளையாடப் போயிருக்கும். அவள் எழுந்துவிடக் கூடாதென்று ரப்பரக்காவும் அந்த மாமியாரும் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்கியபடி மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். பேசுவது பெரும்பாலும் மாமியார்தான். மருமகளைப் பற்றி அவளிடமும் கதைகள் இருந்தன. கேட்கிற கதையில் யார் பக்கம் ஞாயம் என்று ரப்பரக்கா இப்போதெல்லாம் சொல்வதில்லை. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. ஒரு நாள் ரப்பரக்காவே கடைக்குப் போய் ஒரு ரப்பர் வாஷர் வாங்கிவந்து மாட்டிவிட்டாள்.