சிங்கம் வரும் வாசல்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு மீனாவின் கை என் கையிலிருந்து நழுவுகிறது. பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் சீனப் புத்தாண்டுச் சிங்க ஆட்ட ஊர்வலம். பட்டாசுப் புகை கலையும்போது ஒன்பது வயது மகள் பக்கத்தில் இல்லை. மதுரையிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அவளிடம் கைப்பேசி கிடையாது, பிரெஞ்சும் தெரியாது.

அடுத்த மெட்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட் பக்கம் ஓடப் பார்க்கிறேன். யாழ்ப்பாணத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் தோளைப் பிடித்து நிறுத்தி விசாரிக்கிறார்.

“ஓடாதேங்கோ அண்ணை, இஞ்சையே நில்லுங்கோ. பிள்ளையள் எல்லாம் சிங்கத்துக்குப் பின்னாலைதான் போகுங்கள். அது கடை கடையா வரும்.”

“உங்க கடைக்கும் வருமா?”

“ஓம். போன வருஷம் சிங்கம் தின்னட்டும் எண்டு வாசல்லை முருங்கைக்கீரை கட்டினனான். மணந்து பாத்திட்டுப் போட்டுது. இந்த முறை சீனக் கடைக்காரரிட்டைக் கேட்டு சலாட் கட்டியிருக்கிறன்.”

வாசல் நிலையில் சிவப்பு நூலில் அந்தப் பச்சை இலைக்கொத்து தொங்குகிறது. அவர் தந்த தேநீரில் பாதி என் சட்டையில் சிந்துகிறது.

முரசு நெருங்குகிறது. இரண்டு பேர் சுமந்து ஆடும் துணிச் சிங்கம் வாசலில் நிற்கிறது, எம்புகிறது, சலாட்டைக் கவ்வி இலை இலையாகக் கூட்டத்தின் மேல் துப்புகிறது. கடைக்காரர் கைதட்டுகிறார். வருடம் முழுக்க வியாபாரம் செழிக்குமாம்.

நான் வாலைத்தான் பார்க்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு வரும் சீனக் குழந்தைகளுக்கு நடுவே மீனா. வாரி எடுக்கிறேன், திமிறுகிறாள்.

“விடுங்கப்பா, இன்னும் நாலு கடை இருக்கு. நீங்களும் வாங்க!”