வல்லை வெளியில் உள்ளான்கள் கிளம்பிய மாலை

பறவை பார்க்கிறவர்கள் யாழ்ப்பாணத்துக்குப் பெரும்பாலும் மார்கழியிலும் தையிலும்தான் போவார்கள். அப்போது களப்புகளில் தண்ணீர் நிறைந்திருக்கும், பூநாரைகள் கூட்டமாக நிற்கும், வெயிலும் பொறுக்கக்கூடியதாக இருக்கும். நான் போனது சித்திரைப் புதுவருடம் முடிந்த வாரம். "இந்த வெயிலுக்குள்ள அங்க என்ன இருக்கு?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வந்திருந்த பறவைகள் திரும்பிப் போகும் காலம் என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் தங்கள் கணினிகளுக்குத் திரும்பினார்கள்.

வளைமூக்கு உள்ளான் என்று ஒரு கரைப்பறவை. மைனா அளவு இருக்கும். கறுத்த கால்கள், நுனி சற்றே கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு. சைபீரியாவின் வட கரையில் குஞ்சு பொரித்துவிட்டுப் புரட்டாசி அளவில் எங்கள் நாட்டுக்கு வந்து சேரும். மாரி முழுக்கச் சாம்பல் நிறத்தில், ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தறிய முடியாதபடி சேற்றைக் குத்திக்கொண்டு திரியும். பங்குனி பிறந்தால் நெஞ்சில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கும். சித்திரை நடுவில் நன்றாகக் கொழுத்துச் சிவந்து, ஏதோ ஒரு மாலையில் கூட்டமாக எழும்பிப் போய்விடும். அந்த எழும்புதலைப் பார்க்கவேண்டும் என்று நானும் ரேணுகாவும் பல வருடங்களாகத் திட்டம் போட்டிருக்கிறோம்.

ரேணுகா என்னோடு வேலை செய்தவள். எனக்குப் பறவைப் பைத்தியத்தை ஒட்டவைத்தவளும் அவள்தான். மன்னாருக்கும் புந்தலவுக்கும் ஒன்றாகப் போயிருக்கிறோம். நாட்டின் பொருளாதார நெருக்கடி வருடத்துக்குப் பிறகு அவள் குடும்பத்தோடு மெல்பேர்னுக்குப் போய்விட்டாள். முதலில் தினமும் கதைத்தோம், பிறகு ஞாயிறுகளில். இப்போது நான் படம் அனுப்பினால் ஒரு பெருவிரல் அடையாளம் வரும். அவளில் குறையில்லை, புது இடத்தில் ஆயிரம் வேலை இருக்கும். நாற்பத்து மூன்று வயதில் நான் தனியாகப் போன முதற் பறவைப் பயணம் இது. அதை முன்பே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையைத் தனியாகப் போக நினைப்பவர்களும் வாசிப்பீர்கள்.

கொழும்புக் கோட்டையில் காலை ரயில் ஏறினால் பின்னேரம் யாழ்ப்பாணம். ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையம் நடக்கும் தூரம்தான், பை கனமென்றால் ஓட்டோ பிடியுங்கள். பருத்தித்துறைக்குப் போகும் 750ஆம் இலக்க பஸ்ஸில் ஏறவேண்டும். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று வாழைத் தோட்டங்களும் மதில்களுமாய்ப் போய்க்கொண்டிருந்த வழி ஆவரங்கால் தாண்டியதும் சட்டென்று வெளித்துவிடும். மரமும் இல்லை, வீடும் இல்லை. இரண்டு பக்கமும் சாம்பல் நிறத் தரை, தூரத்தில் மினுங்கும் தண்ணீர், நடுவே பாலத்தோடு ஒரு நேர் ரோட்டு. இதுதான் வல்லை வெளி. பட்டணத்திலிருந்து ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோமீற்றர். டிக்கெற் இருநூறு ரூபாய்க்குள் முடியும்.

நான் உடுப்பிட்டியில் ஒரு வீட்டின் பின் அறையில் தங்கினேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில். பக்கத்து வீட்டில் அறைத் திறப்பை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். அறை சுத்தம், காற்றாடி வேலை செய்தது, ஓர் இரவுக்கு மூவாயிரம். அந்தப் பெரிய முற்றத்தில் என்னைத் தவிர ஓர் அணில்தான் நடமாடியது. திறப்புத் தந்த பெண், "எத்தினை பேர்?" என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, வேறு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

களப்புக்குப் போய்வர நேசன் அண்ணையின் ஓட்டோவை ஒழுங்குபண்ணினேன். ஐம்பது வயதைத் தாண்டிய, கதைப்பதற்குச் சோம்பல்படுகிற மனிதர். மாலையில் கொண்டுபோய் விட்டுத் திரும்ப ஏற்ற ஆயிரத்து ஐந்நூறு. முதல் நாள் போகும் வழியில் முனியப்பர் கோயிலடியில் நிறுத்தி, இறங்கித் திருநீறு பூசிக்கொண்டு வந்து ஏறினார். பிறகு நான் காட்டிய இடத்தைப் பார்த்தார்.

"அங்க ஒண்டும் இல்லையே தங்கச்சி. வெறும் வெளி."

"குருவி பாக்க வந்தனான் அண்ணை."

"குருவியோ?" ஓட்டோவைத் திருப்பினார். "சரி, பாருங்கோ. நான் ஏழு மணிக்கு முன்னம் வாறன்."

அன்று மாலை உள்ளான் கூட்டம் அங்கேதான் இருந்தது. சில நூறு இருக்கும். பெரும்பாலானவை நன்றாகச் சிவந்திருந்தன. ரோட்டோரக் கல்லில் இருந்தபடி தொலைநோக்கியில் பார்த்தேன். விழுந்துவிழுந்து தின்றுகொண்டிருந்தன, கிளம்பும் யோசனையே இருக்கவில்லை. பொழுது பட்டதும் நேசன் அண்ணை வந்தார். "கண்டனீங்களோ?" என்றார். "ஓம்" என்றேன். அறைக்கு வந்து, பேக்கரியில் வாங்கிய பாணும் சம்பலும் சாப்பிட்டேன். நாள் முழுக்க நான் கதைத்தது அவ்வளவுதான் என்று படுக்கும்போது தோன்றியது.

அடுத்த நாள் மாலை காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீசியது. கூட்டம் வேறு மாதிரி இருந்தது. தின்பதை விட்டுவிட்டுத் தலையை உயர்த்தி நின்றன. ஓயாமல் கத்தின. பத்துப் பதினைந்து எழும்பி ஒரு வட்டமடித்துத் திரும்ப இறங்கும், பிறகு வேறொரு பகுதி எழும்பும். இன்றைக்குத்தான் என்று விளங்கிவிட்டது. அவை நேற்றையதைவிடத் தள்ளி நின்றன, வெயிலும் எதிரே கூசியது. தரை உப்புப் பொருக்குப் படர்ந்து, வெடித்து, நன்றாகக் காய்ந்த மாதிரித் தெரிந்தது. இறங்கி நடந்தேன்.

ரோட்டிலிருந்து இருநூறு மீற்றராவது போயிருப்பேன். பொருக்கு பாண் தோல் மாதிரி மெல்ல முறிந்தது. வலது கால் முழங்கால் வரை போயிற்று. அதை இழுக்க இடது காலில் ஊன்றினேன், அது இன்னும் ஆழமாகப் போயிற்று. கறுப்புச் சேறு, கூழ் மாதிரி, ஆனால் பிடித்தால் விடாது. செருப்பு உள்ளே கழன்றுவிட்டது. அசைய அசையத் தொடை வரை இறங்கினேன்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு ரோட்டைப் பார்த்துக் கத்தினேன். மோட்டார் சைக்கிள்கள் போயின, ஒரு பஸ் போயிற்று. காற்று என் சத்தத்தை மறுபக்கம் கொண்டுபோனது. யாரும் திரும்பவில்லை.

நல்ல வேளை, கைபேசி சட்டைப் பையில் இருந்தது. எடுத்து, யாரைக் கூப்பிடுவது என்று பார்த்தேன். அந்த நிமிடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அலுவலகம். வங்கி. பல் வைத்தியர். கனடாவில் இருக்கும் அண்ணன். ரேணுகா. ரேணுகாவின் பெயரில் விரல் நின்றது. அவள் எடுத்தால்கூட என்ன சொல்வது? விரலை மேலே தள்ளிக்கொண்டே போய், 'ஓட்டோ உடுப்பிட்டி' என்பதில் அழுத்தினேன்.

"அண்ணை, சேத்துக்குள்ள கால் புதைஞ்சிட்டுது. எடுக்க ஏலாமல் கிடக்கு."

"உதுக்குள்ள ஏன் இறங்கினீங்கள்!" கிட்டத்தட்டக் கத்தினார். "அசையாதேங்கோ. இழுக்காதேங்கோ. நான் நெல்லியடியில நிக்கிறன், கெதியா வாறன்."

அசையாமல் நின்றேன். அப்போதுதான் கூட்டம் எழும்பியது.

இந்தத் தடவை வட்டமடித்து இறங்கவில்லை. மேலே, மேலே ஏறியது. நூற்றுக்கணக்கான சிறகுகள் ஒரே பக்கம் திரும்பியபோது வயிறுகளின் சிவப்பில் சாய்ந்த வெயில் பட்டது. பிறகு கூட்டம் நீண்ட, வளைந்த கோடுகளாகப் பிரிந்தது. மெல்லிய, உருளும் சத்தமாய் ஒன்றையொன்று கூப்பிட்டபடி என் தலைக்கு மேலாகத் தொண்டைமானாற்றுப் பக்கம், கடலை நோக்கிப் போயின. தொலைநோக்கியைத் தூக்கிப் பிடித்திருந்தேன். "பார், அங்க பார்" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் பக்கத்தில் யாரும் இல்லை என்பது உறைத்தது.

கோடுகள் புள்ளிகளாகி, புள்ளிகளும் மறைந்தன. அதன் பிறகு வெளியில் இருந்த அமைதி என்னைப் பயமுறுத்தியது. தண்ணீர் காற்றோடு என் பக்கம் ஊர்ந்து வந்திருந்தது. விரலளவு ஆழம்கூட இல்லை. ஆனாலும் நான் அழுதேன். பயத்திலா, பார்த்துவிட்டேன் என்பதிலா, இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நேசன் அண்ணை தனியாக வரவில்லை. பொம்பிளைப் பிள்ளை மாட்டுப்பட்டு நிற்குது என்று வழியில் வீட்டுக்குப் போய் மனைவியையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஓட்டோவின் பின்சீற்றைக் கழற்றினார், மழைக்குக் கட்டும் தரப்பாளையும் எடுத்தார். இரண்டையும் மாறிமாறிப் பொருக்கின் மேல் போட்டு, அவற்றின் மேல் முழங்காலில் தவழ்ந்து வந்தார். கயிற்றின் ஒரு நுனி அவர் இடுப்பில், மறு நுனி உறுதியான தரையில் நின்ற அந்த அக்காவின் கையில்.

"பிள்ளை, பின்னால சாயுங்கோ, படுக்கிற மாதிரி!" என்று அக்கா அங்கிருந்தே கத்தினார். "உடுப்பைப் பற்றி யோசியாதேங்கோ!"

"எல்லாம் எனக்குத் தெரியும், நீர் கயிற்றைப் பிடியும்" என்றார் அண்ணை.

"தெரிஞ்ச ஆள் ஏன் இந்த இடத்தில கொண்டுவந்து விட்டனீங்கள்?"

இருவரும் சண்டை பிடித்துக்கொண்டே என்னை வெளியே எடுத்தார்கள். சீற்றில் மல்லாந்து சாய்ந்து, ஒவ்வொரு காலாக ஆட்டி ஆட்டி இழுத்தோம். இரண்டு செருப்புகளும் இன்னும் வல்லை வெளியில்தான் இருக்கின்றன.

அக்காவின் பெயர் கமலி. என்னை அறைக்குப் போக விடவில்லை. தங்கள் வீட்டுக் கிணற்றடியில் இருத்தி, தானே அள்ளி ஊற்றினார். உவர்ச் சேறு எளிதில் போகாது, தேங்காய்த் தும்பால் தேய்த்தார். கடைசியாக எனக்கு இன்னொருவர் முதுகு தேய்த்தது எப்போது என்று நினைவில்லை. அவருடைய நைற்றி எனக்குக் கணுக்காலுக்கு மேல் நின்றது. அதை உடுத்தபடியே மேசையில் அமர்ந்து புட்டும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டேன். நேசன் அண்ணை வெளியே சீற்றைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

"ஏன் பிள்ளை தனிய வந்தனீங்கள்?"

இதற்கு என்னிடம் பழகிய பதில்கள் உண்டு. தனியாகப் போனால்தான் பறவை பயப்படாது, அமைதியாகப் பார்க்கலாம் என்றெல்லாம். அன்று அவை வாயில் வரவில்லை.

"கூட வர ஆக்கள் இல்லை அக்கா."

அவர் பாவம் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தார். "எனக்கும் இந்த மனுசனை விட்டால் ஒருத்தரும் இல்லை. அவரும் விடிஞ்சால் ஓட்டோவோட" என்றார். பிறகு தன் தட்டிலும் புட்டைப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே இருந்தார்.

மறுநாள் காலை, ஊருக்குத் திரும்புமுன் வெளியை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்றேன். கமலி அக்காவும் ஓட்டோவில் ஏறிக்கொண்டார். "அப்பிடி என்னதான் கிடக்குது எண்டு நானும் பாக்கிறன்." ரோட்டோரத்திலேயே நின்றோம். நேற்றுக் கூட்டம் நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. நன்றாகத் தேடிய பிறகு, தண்ணீர் ஓரத்தில் ஏழெட்டு உள்ளான்கள் தென்பட்டன. சிவப்பே ஏறாத, மாரிக்காலச் சாம்பல் நிறம். தொலைநோக்கியைச் சரிபண்ணி அக்காவிடம் கொடுத்தேன். கண்ணுக்குப் பிடிபட நேரம் எடுத்தது.

"ஓம், ஓம், தெரியுது. சின்னன் சின்னனாய். ஐயோ, இதுகளை விட்டிட்டே மற்றதுகள் போனது?"

"இதுகள் போன வருசம் பிறந்த குஞ்சுகள் அக்கா. முதல் வருசம் கனக்கப் பேர் போகாதுகள். கோடை முழுக்க இஞ்சதான் நிக்கும்."

அவர் தொலைநோக்கியை இறக்கவில்லை. "நிக்கட்டுமே. இஞ்ச தின்ன இருக்குத்தானே."

பஸ் வந்தது. நேசன் அண்ணை பையை ஏற்றிவிட்டார். கமலி அக்கா, கழுவி இன்னும் ஈரம் காயாத என் உடுப்புகளை ஒரு கடைப் பையில் போட்டுச் சன்னலால் என் மடியில் வைத்தார். அவருடைய பழைய செருப்பு என் காலில் இருந்தது. ஓட்டோக் காசைத் தவிர வேறெதையும் வாங்க மறுத்துவிட்டார்கள். நீர்வேலி வரும்வரை நான் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். உள்ளான்களின் சிவப்பைப் பார்க்கப் பங்குனிக் கடைசியிலிருந்து சித்திரை நடுப்பகுதி வரை போங்கள். கிளம்புவதைப் பார்ப்பது அதிர்ஷ்டம். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு, தெற்குக் காற்று வீசும் நாட்களில் காத்திருங்கள். வல்லையில் நிழல் என்று எதுவும் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். கடையும் இல்லை, நெல்லியடியில் வாங்கிக்கொண்டு வாருங்கள். நேரம் இருந்தால் சரசாலைக்கும், பட்டணத்திலிருந்து மண்டைதீவுக்குப் போகும் பண்ணைப் பாலத்துக்கும் போகலாம், அங்கே ரோட்டிலிருந்தே நிறையத் தெரியும். ஆலா என்ற கடற்பறவைகளைப் பாலத்தில் காலையில் பாருங்கள்.

சேறு பற்றி. காய்ந்த பொருக்கை நம்பாதீர்கள். இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கரையில் ஓர் ஆளை நிறுத்திவிட்டு இறங்குங்கள். நிறுத்த ஆள் இல்லையென்றால் ரோட்டோரக் கல்லில் இருந்து பாருங்கள். அங்கிருந்தும் தெரியும். கொஞ்சம் தூரமாய்த் தெரியும், அவ்வளவுதான்.