ஈயம் பட்ட மூசை

வெங்காரம் சூட்டில் பொங்கும்போது எழும் மெல்லிய நெடியும், தொண்டையைக் கரகரக்க வைக்கும் திராவக வாடையும் சேர்ந்ததுதான் மலாக்காவின் காஜா பேராங்கில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மணம். முன்னறை அப்பாவின் நகைப் பட்டறை, பின்னால் நாங்கள். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது விடுதலை, வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் அங்கே நடந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றும் முகம் சுடுகிறது.

பழைய நகையைத் திராவகத்தில் கரைத்துச் சுத்தம் செய்தால் கிடைக்கும் தங்கப்பொடி மின்னாது. காப்பி வண்டலைப் போலப் பழுப்பாக இருக்கும். அதை உருக்கும் மண்கிண்ணத்தை 'மூசை' என்போம். அப்பா மூசையைத் தட்டிக் கணீரென்று ஒலிக்கிறதா என்று கேட்பார். பொடி ஒட்டாதபடி உள்புறம் வழவழப்பாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு உலோகம் எதுவும் அதில் உருகியிருக்கக் கூடாது; துளி ஈயம் பட்டாலும் தங்கம் நொறுங்கும். "தங்க மூசையில வேற எதையாச்சும் போட்டா கைய முறிச்சிடுவேன்" என்று எங்களை மிரட்டுவார்.

அன்று வந்திருந்தவர் பக்கத்துத் தெருவின் மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண்மணி; பல தலைமுறைகளுக்கு முன்பே வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர். நாங்கள் 'பீபி' என்று கூப்பிடுவோம். பெயர் தமிழ்ப் பெயர், நெற்றியில் திருநீறு, பேச்சு மட்டும் மலாய். மூத்த மகளின் கல்யாணத்துக்காக, தம் தாயார் விட்டுப்போன சங்கிலியை அழித்துப் புதிதாகச் செய்யக் கொடுத்திருந்தார். தங்கம் உருகுவதைக் கண்ணால் பார்க்க, என் வயதுக்காரியான இளைய மகள் பார்வதியுடன் வந்து பட்டறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அப்பா புது மூசை ஒன்றை எடுத்து அடுப்பில் வைத்தார். மழைக்காலத்து ஈரம் அதில் ஏறியிருந்ததோ என்னவோ, பொடியைப் போடுவதற்கு முன்பே அது 'டப்'பென்று வெடித்தது. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. முந்தைய வாரம் மீன்பிடிக்கும் நண்பர் ஒருவருக்காக, வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை அப்பா அதில்தான் உருக்கிக் கொடுத்திருந்தார். கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணம் நெருங்கிவிட்டது, ஆள் எதிரே காத்திருக்கிறார். உள்புறத்தைச் சுரண்டி, வெங்காரத்தைப் பூசி, அதையே அடுப்பில் ஏற்றினார்.

தங்கம் அழகாகத்தான் உருகியது. ஆனால் ஆறிய கட்டியைப் பட்டடைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டியதும், காய்ந்த ரொட்டியைப் போல ஓரமெல்லாம் பிளந்துவிட்டது. பீபி பதறி எழுந்தார். அப்பா நிமிராமலே, தமக்குத் தெரிந்த உடைந்த மலாயில், "உங்கள் அம்மாவின் சங்கிலியில் ஈயம் கலந்திருக்கிறது" என்றார்.

பீபி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வாசல் பக்கம் திரும்பி, யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்த்தார். பிறகு அப்பாவின் அருகில் குனிந்து, மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "தோலோங், துக்காங். ஜாங்ஙான் சக்காப் சாமா ஓராங்." தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவர், குற்றமே இல்லாதவர், கெஞ்சினார். அப்பா தலையை ஆட்டினார்.

அவர்கள் போனதும் அம்மா சமையற்கட்டிலிருந்து வந்தார். "என்னங்க, பொடியாக்கினப்பவே அழுக்கெல்லாம் போயிருச்சு. அப்புறம் ஈயம் எங்கேருந்து வந்துச்சு?"

அப்பா பிளந்த கட்டியைத் துணியில் சுற்றினார்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க."

"சொன்னா இந்த ஊர்ல எவன் எங்கிட்டத் தங்கம் கொடுப்பான்?"

அம்மா சமையற்கட்டுக்குத் திரும்பிவிட்டார். அப்பா கட்டியை மறுபடி கரைத்து, கடைக்குப் போய்ப் புது மூசை வாங்கி வந்து வெயிலில் நன்றாக உலர்த்தி, உருக்கி, கூலி வாங்காமலே சங்கிலியைச் செய்து கொடுத்தார். ஈயத்தை நீக்கிக் கொடுத்ததோடு குடும்ப மானத்தையும் காப்பாற்றிய மனிதர் என்று பீபி எண்ணிக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பார்வதியிடம் 'கூவே' பலகாரத் தட்டைக் கொடுத்தனுப்பினார். அப்பா ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. தட்டை வாங்கும்போது என்னால் பார்வதியின் முகத்தைப் பார்க்க முடியாது. பள்ளிக்கும் வேறு வழியாகப் போகத் தொடங்கினேன்.

அப்பா சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். பீபியும் போய்விட்டார். சில ஆண்டுகளுக்கு முன், மலாக்காச் செட்டிகளின் கோயில் திருவிழாவில் பார்வதியைக் கண்டேன். இருவருக்கும் நரைத்திருந்தது. "உன் அப்பா நல்லவர், கடைசிவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை" என்று மலாயில் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே, கூட்டத்துக்கு நடுவில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பார்வதி கேட்டாள்: "அப்படியானால் அது நல்ல தங்கமா?"

"சுத்தத் தங்கம்."

முன்னோருக்குப் படையல் வைக்கும் நாளில், தம் தாயார் அந்தச் சங்கிலியை எப்படி வாங்கினார் என்ற கதையை பீபி ஆண்டுதோறும் சொல்வாராம். சிறுவயதில் பார்வதி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாளாம். பட்டறைக்கு வந்துபோன அந்த ஆண்டிலிருந்து பீபி அதைச் சொல்வதையே நிறுத்திவிட்டாராம்.

"ஒரு படகு வரும் அந்தக் கதையில்" என்றாள் பார்வதி. "அதற்கப்புறம் என்னவென்று மறந்துவிட்டது. கேட்க இப்போது யாரும் இல்லை."

என் கையை அவள் விட்டுவிட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.