பெரியப்பாவின் கல்லறைக்கு இடப்பக்கம்

ஊர்காவற்றுறைக்குத் தனியாகப் போய்வருகிறேன் என்றதும் மனைவி, "அங்கை போய் ஆரோடை வாக்குவாதப்படப் போறீங்கள்?" என்று கேட்டாள். ஒரு கலியாணத்துக்காகக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்திருந்தோம். எல்லாம் முடிந்து ஒரு நாள் கையில் மிஞ்சியது. பழைய கோயில்களைப் பார்த்துவிட்டுப் பின்னேரமே திரும்பிவிடுவேன் என்றேன். அவள் கேட்டதில் பிழையில்லை. எந்தக் கதையானாலும் நான் சொன்னதுதான் சரி என்று எதிராளி ஒப்புக்கொள்ளும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த வியாதி முற்றிவிட்டது.

பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனாலும் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. முதலில் முகப்பு மட்டும் மிஞ்சி நிற்கும் இடிந்த கோயிலுக்குப் போனேன். உள்ளே, பீடம் இருந்த இடத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டு நின்றது. இது ஒல்லாந்தர் கட்டின கோயில் என்று தகப்பன் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஒல்லாந்தர் எங்கடை கத்தோலிக்க வேதத்தையே தடை செய்தவங்கள், தம்பி. அவங்கள் எப்பிடி எங்களுக்குக் கோயில் கட்டுவாங்கள்?" என்று தொடங்கி ஒரு பிரசங்கமே வைத்துவிட்டேன். அந்த மனிதர் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளை வாகனத்தில் ஏற்றினார். வென்றுவிட்ட சந்தோஷத்தோடு அடுத்த கோயிலுக்கு நடந்தேன்.

அது மாதா கோயில். நான் ஞானஸ்நானம் பெற்ற இடம். பழைய கல்தரையைத் தேடிப் போனவனுக்கு வழுவழுவென்று புதுத் தரை காத்திருந்தது. மாதாவின் சுரூபத்தைச் சுற்றிக் கலர் லைற். யாரைப் பிடித்து ஏசலாம் என்று பார்த்தேன், ஒருவரும் இல்லை. முழந்தாளிட்டு ஒரு செபம் சொன்னேன். வாசலில் இருந்த பெட்டிக்கடையில் ஒரு மெழுகுதிரி வாங்கிக்கொண்டு சேமக்காலைப் பக்கம் நடந்தேன். எங்கள் ஊரில் கத்தோலிக்கரின் இடுகாட்டைச் சேமக்காலை என்றுதான் சொல்வோம்.

அங்கே ஐயாவின், என் தகப்பனாரின், குழி இருந்தது. அதாவது, ஒரு காலத்தில் இருந்தது. அவர் இறந்தது சண்டைக் காலத்தில். மண் இறுகட்டும் என்று ஒரு வருடம் விட்டு, பிறகு சீமெந்தால் கல்லறை கட்டுவது வழக்கம். அப்போது சீமெந்துக்குத் தடை. ஒரு மரச் சிலுவையை நட்டுவிட்டுத் தடை எடுபடட்டும் என்று காத்திருந்தோம். தடை எடுபட முன்னர் நாங்கள் ஊரைவிட்டு எடுபட்டோம். பிறகு போய்ப் பார்த்தவர்கள், சேமக்காலை முழுக்கப் பற்றைக்காடு, ஒன்றும் அடையாளம் தெரியாது என்றார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நாங்களும் இருந்துவிட்டோம்.

பற்றை எல்லாம் எப்போதோ வெட்டியாகிவிட்டது. மதிலோரம் போனதும் பெரியப்பாவின் கல்லறையைக் கண்டேன். பெயர் வெட்டிய கல் அப்படியே இருந்தது. ஐயாவைப் புதைத்தது அவருடைய தமையனுக்குப் பக்கத்தில், இடப்பக்கம். அங்கே ஒரு மண்மேடு கூட்டித் துப்புரவாக இருந்தது. சுற்றிவரச் சிப்பி பதித்திருந்தது. தலைமாட்டில் ஒரு மெழுகுதிரி எரிய, என்னைவிட மூத்த ஒரு பெண் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"அக்கா, இது எங்கடை ஐயான்ரை குழி!" என்றேன். "நீங்களோ இவ்வளவு காலமும் பாத்தனீங்கள்? உங்களுக்குப் பெரிய புண்ணியம்."

அவர் மேட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "வடிவாத் தெரியுமோ, தம்பி? வேறை ஆரின்ரையும் குழியோடை மாறிப்போகேல்லையோ?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். என்னிடம் போய்ச் சந்தேகம் கேட்டால் விடுவேனா? பெரியப்பாவின் கல்லைத் தொட்டுக் காட்டினேன். மதிலிலிருந்து எவ்வளவு தூரம், தலை எந்தப் பக்கம், பெட்டியை யார் யார் தூக்கி வந்தார்கள், எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் முகம் வாடிக்கொண்டே போனதை நான் பார்த்தேன். பார்த்தும் விளங்கவில்லை.

"ஐயா கடலுக்குப் போறவரோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா. தபால் கந்தோரிலை வேலை. வள்ளத்திலை ஏறினாலே சத்தி எடுப்பார்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பாவம் மனிசன்! நான் வந்தால் முழுக்கக் கடல் கதைதான். ஆரின்ரை வலையிலை என்ன பட்டது, காத்து எந்தப் பக்கம், எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்."

நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போதுதான் அவர் சொன்னார். "என்ரை மனிசன் கடல் தொழிலுக்குப் போய்த் திரும்பி வரேல்லை, தம்பி. உடம்பும் கரை ஒதுங்கேல்லை. அப்பிடியான ஆக்களுக்குப் பெரிய சிலுவையடியிலைதான் திரி கொளுத்திறது. அங்கை எல்லாரின்ரை திரியும் ஒண்டா எரியும், எது என்ரை எண்டு தெரியாது. இது தேடுவாரில்லாத குழியாக் கிடந்தது. சரி, இவர்தான் எண்டு வைச்சுக்கொண்டன்."

"நீங்களே வைச்சிருங்கோ அக்கா. நான் கொழும்பிலை. எப்ப வருவனோ தெரியாது. ஐயாவுக்கும் கதைக்க ஒரு துணை," என்று என்னென்னவோ உளறினேன். நான் சொன்னதே பிழையாக இருக்கலாம், கன காலமாச்சு, மறந்திருப்பேன் என்றுகூடச் சொன்னேன். வாழ்க்கையில் அப்படி நானாகவே சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நம்பவில்லை. அவ்வளவு அழகாக நிறுவியிருந்தேன்.

"இனி ஏலாது, தம்பி. ஆளைத் தெரிஞ்சுபோச்சு. வேறையொரு ஆம்பிளைக்கு முன்னாலை இருந்து என்ரை வீட்டுக் கதையைக் கதைக்கிறதே?"

சீலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். எரிந்துகொண்டிருந்த திரியை எடுக்கவில்லை. "இது ஐயாவுக்கு இருக்கட்டும்," என்றார். நான் கையில் வைத்திருந்த புதுத் திரியை நீட்டினேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

நான் ஐயாவுக்கு முன்னால் நின்றேன். இவ்வளவு காலமும் அவரோடு கதைத்தது அந்தப் பெண்தான். நான் திரும்பிப் பார்த்தேன். சேமக்காலை நடுவில், பெரிய சிலுவைக்குக் கீழே அவர் நின்றார். குழி என்றால் தலைமாடு, கால்மாடு இருக்கும். சிலுவையின் அடிப்பீடத்துக்கு நாலு பக்கமும் ஒன்றுதான். திரியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் குந்தியிருப்பது என்று தெரியாமல் ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு இன்னொரு முறை சுற்றினார்.