கழியாத தீட்டு

மதுக்கரையில் சிமெண்டு ஆலை வந்த புதிது. நான் சுண்ணாம்புக்கல் குழியில் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அங்கேயே கல் சுமந்தாள். நாங்கள் ஞானஸ்நானம் வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் தம்பியும் எங்களோடு வாங்கினான். என் அண்ணன் வரவில்லை.

அந்தக் கோடையில் வாந்திபேதி வந்தது. காலையில் அவளுக்குக் கண்டது. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. தூக்க ஆள் வரவில்லை, பயம். நான், மச்சினன், அண்ணன், சபை உபதேசியார், இந்த நான்கு பேர்தான் தூக்கினோம். ஓடைக்கு அந்தப் பக்கம் புதைத்தோம்.

எங்கள் ஜனத்தில் சாவு விழுந்த வீட்டுக்காரன் பதினாறு நாள் கோயில் வாசலை மிதிக்க மாட்டான். பதினாறாம் நாள் கருமாதி செய்தால் தீட்டுக் கழியும். நான் வேதத்துக்கு வந்தவன், எனக்குக் கருமாதி கிடையாது. இருந்தாலும் பதினாறு நாள் சபைக்குப் போகவில்லை. யாரும் சொல்லிச் செய்ததில்லை. பழக்கம். பதினேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போனேன். வாசலில் கால் வைக்கும்போது அந்த எண்ணம் வந்தது. கருமாதி செய்யவில்லையே, தீட்டு எப்படிக் கழிந்திருக்கும்?

உள்ளே போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே சுவரோரம் நின்றேன். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அங்கேதான் நின்றேன்.

உள்ளே பாடுவது கேட்கும். முன்பெல்லாம் பாட்டை எடுத்துக்கொடுப்பது என் மனைவிதான். ஆண்டவர் பேரைச் சொன்னால் அவள் முகமே மாறிவிடும். எனக்கு அந்தச் சந்தோஷம் வந்ததில்லை. அவள் போனாள், நானும் போனேன். வெளியே நின்றபோதுதான் உள்ளே போக வேண்டும் போல இருந்தது.

மாதம் ஒரு முறை கோயமுத்தூரிலிருந்து பாதிரியார் ஐயர் வந்து திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார். எல்லாருக்கும் ஒரே கிண்ணம். என் தீட்டு அதில் ஒட்டி, எனக்குப் பின்னால் குடிக்கிறவன் வீட்டிலும் சாவு விழுந்தால் என்ன செய்வது? இந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் போயிற்று.

ஒரு நாள் அண்ணன் குழிக்கு வந்தான்.

“உள்ளயும் போகாம ஊட்டுலயும் இருக்காம என்னடா நின்னுட்டிருக்கறே? வெள்ளிக்கிழமை வா. கருமாதியைச் செஞ்சுபோட்டு அப்பறம் எந்தச் சாமிய வேணும்னாலும் கும்புட்டுக்க. எங்க சாமி கோவிச்சுக்காது.”

“வாரேங்கண்ணா,” என்றேன்.

கருமாதி செய்தால் சபையில் என் பேரை எடுத்துவிடுவார்கள். அது தெரியும். செய்யாமல் உள்ளே போகிற வழிதான் தெரியவில்லை.

புதன்கிழமை வேலை விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மச்சினனும் உபதேசியாரும் வந்தார்கள்.

“ஏனுங் மச்சான், வெள்ளிக்கிழமை படையலாமே. எனக்கொரு வார்த்தை சொல்லலீங்க. கோழி உண்டுங்களா?” என்றான் மச்சினன்.

உபதேசியார் கேட்டார். “எதுக்குங்க வெளியவே நிக்கறீங்க? எங்க மேல வருத்தமுங்களா?”

“தீட்டுங்க. கருமாதி ஆகலீங்களே.”

மச்சினன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“எங்கக்காளைத் தூக்குனவன் நானுங்க. மறு ஞாயிறே போய் உக்காந்து பாடிப்போட்டு வந்தேன். ஊருல எவனுங்க செத்தான்?”

“செத்துக் கெடந்த புள்ளையோட கையைப் புடிச்சவருங்க நம்ம ஆண்டவரு,” என்றார் உபதேசியார். “உங்களைக் கண்டா ஒதுங்கிப் போவாருங்களா?”

அவர்கள் போய்விட்டார்கள். பயம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போகாமல் குழிக்குப் போய்க் கல் உடைத்தேன். அண்ணன் வாழை இலை வாங்கி வைத்துக் காத்திருந்தானாம். அதற்குப் பிறகு அவன் சாகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை.

அந்த ஞாயிறு ஐயர் வந்தார். நான் உள்ளே போனேன். பெண்களும் போன பிறகு கடைசி ஆளாகப் போய்விடலாம், எனக்குப் பின்னால் யாரும் குடிக்க வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் எல்லாரும் போய் வந்தார்கள். மச்சினன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

“போங்க மச்சான். நீங்க போனாத்தான் நான் போவேன்.”

போய் மண்டியிட்டேன். பக்கத்தில் அவனும் மண்டியிட்டான். கிண்ணம் என் வாய்க்கு வந்தது. குடித்தேன். ஐயர் துணியால் விளிம்பைத் துடைக்கப் போனார். அதற்குள் அவன் கிண்ணத்தைப் பிடித்து, நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தான்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் செத்த அன்று வரவில்லை. அவள் இல்லாதது அப்படியேதான் இருந்தது, ஒரு பொட்டும் குறையவில்லை. ஆனாலும் ஆண்டவருக்கு நான் வேண்டும் என்று அங்கே மண்டியிட்டிருக்கும்போது தெரிந்தது. மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

“எந்திரிங்க மச்சான், பொம்பளைங்க காத்துட்டிருக்கறாங்க,” என்றான் அவன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வரைக்கும் தினமும் அவன் வீட்டு வாசலில் போய் நின்று, வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“பசிக்குதுங்க. வேற ஒண்ணும் கோளாறு இல்லீங்க,” என்று தினமும் சொன்னான்.

சனிக்கிழமை கேட்கப் போகவில்லை. மறு மாதம் ஐயர் வந்தபோது நான் கடைசிக்குக் காத்திருக்கவில்லை.