கடலில் நின்ற கடைசிப் படகு

மீன்பிடித் துறைமுகத்துக்கு மென்பொருள் செய்ய, அங்குள்ளவர்களின் தேவைகளைக் கேட்டெழுதி, ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் அலுவலகச் சுவரில் ஐஸ், டீசல், ஏலம் என்று பிரித்துத் தாள்களாக ஒட்டியிருந்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சில்லறை விதி தொங்கியது. பிந்தி வரும் படகுக்கு ஐஸ் ஒதுக்க வேண்டும். டீசல் பம்பைப் பூட்டக் கூடாது. ஏலத் தராசை எடுத்து வைக்கக் கூடாது.

"இதுகளை வெட்டுவமா? ஒவ்வொண்டுக்கும் தனித்தனியா செய்ய ஏலாது" என்றேன் எரிச்சலோடு.

கூட வேலை செய்யும் நஸ்ரின் மூன்றையும் பிய்த்தெடுத்தார். "மூண்டும் ஒரே கதைதானே? எல்லாம் பிந்தி வாற படகுக்காகத்தான். ஒரு இடத்தில எழுதுவம். மூண்டு பிரிவும் அதைக் கேட்டு நடக்கட்டும்."

ஒரே வரியாக எழுதினோம்: கடலில் ஒரு படகாவது நிற்கும்வரை எந்தப் பிரிவையும் மூட முடியாது.

துறைமுகத்தில் அதைப் பரிசோதித்த அன்று பின்னேரம் காற்று பலத்திருந்தது. மூடும் பொத்தானை ஐஸ் பிரிவில் அழுத்தினேன், மறுத்தது. டீசலும் மறுத்தது, ஏலமும் மறுத்தது. மூன்று திரைகளிலும் வந்தது, இன்னும் கரை திரும்பாத ஒரே படகின் பெயர். இந்தக் கரை முழுவதும் ஒரு படகுக்காகக் காத்திருப்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

"வீட்டை போகேல்லையா?" என்று நஸ்ரின் கேட்டார்.

அந்தப் படகு கரைக்கு வந்து கட்டும்வரை நானும் போகவில்லை.